மூன்று மணிக்குள் எரிய வேண்டிய அடுப்பு

இந்த இங்கிலாந்து ஊரில் அடுப்பு கூடத்துச் சுவருக்குள் இருக்கிறது. அதில் யாரும் சமைப்பதில்லை. கேஸில் எரிந்து மனிதர்களைச் சூடாக்குவதுதான் அதன் வேலை. வந்த புதிதில் இதை ஆவடிக்கு எழுதியபோது, "அதுல இன்னா பொங்குவீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட்டுப் பதில் எழுதவைத்தாள் அம்மா. ஒன்றும் பொங்குவதில்லை, நாங்கள்தான் வேகிறோம் என்று எழுதினேன். பச்சைப் பொய். வேகவெல்லாம் இல்லை, விறைத்துக்கொண்டிருந்தோம். அந்த அடுப்பைப் பற்ற வைப்பதும் அணைப்பதும் என் வீட்டுக்காரரின் பொறுப்பு. நான் பக்கத்தில் போனதே கிடையாது, ஒரு வெள்ளிக்கிழமையைத் தவிர.

என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவளை ஒரு முழு நாள் நான் மடியில் வைத்திருந்ததில்லை. சனிக்கிழமை அழைத்துப் போகலாம் என்றார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு நர்ஸ் வந்து எங்கள் அறையின் சூட்டைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் குழந்தை அங்கேயேதான் இருக்கும், எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அன்று என் வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டைப் பெருக்கி முடித்தேன். அடுப்பைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பிள்ளை வரப்போகிற வீட்டில், இது மட்டும் இப்படியே கிடப்பதா என்று தோன்றியது.

ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா சங்கொலிக்கு ஃபேக்டரிக்குக் கிளம்பியதும் அம்மா அடுப்பைக் கழுவ உட்கார்ந்துவிடுவாள். எங்களுடையது பம்ப் அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். அதற்கும் வெள்ளிக்கிழமை ராஜ மரியாதை உண்டு. புளி போட்டுத் தேய்த்து, ஈரத்தோடு மஞ்சளைத் தடவி, அதன்மேல் குங்குமம் வைப்பாள். "நமக்கு சோறு போட்றது யாரு, உங்கப்பனா, இதுவா?" என்று அப்பா காதில் விழாத தூரத்தில் கேட்பாள். அந்த அம்மாவுக்குப் பிறந்தவள் வேறு என்ன செய்வேன்? இவர் எரியவிட்டுப் போயிருந்த அடுப்பைக் குமிழைத் திருகி அணைத்தேன். ஆறியதும் ஈரத் துணியால் உள்ளும் புறமும் துடைத்தேன். மேல்தகட்டில் மூன்று பொட்டு வைத்தேன். உள்ளே பித்தளையில் சின்னதாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒன்று, தாராளமாக.

இரண்டு மணிக்குக் குமிழைத் திருப்பிப் பட்டனை அமுக்கினேன். டக் என்றது, அவ்வளவுதான். இருபது தடவை அமுக்கியிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பனித்தூறல். இரண்டு வீடு தள்ளி இருந்த தாமுவிடம் ஓடினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இவரோடு லேத்தில் நின்றவன், இவருக்குத் தம்பி மாதிரி. கைலிக்கு மேல் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். வாசலிலேயே மோந்து பார்த்து, குமிழை மூடி, ஜன்னலை விரியத் திறந்தான்.

"ஐயோ, குளிர் வருதே தம்பி!"

"கேஸ் வாசன கீது அண்ணி. இப்ப பொறி வந்தா கொழந்த வர்றதுக்கு ஊடே இருக்காது."

பத்து நிமிடம் ஜன்னல் திறந்தே இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் என் வாழ்க்கையே வெளியே போவதுபோல் நின்றேன். அப்புறம்தான் அவன் உள்ளே குனிந்து பார்த்தான். "இன்னா அண்ணி, இதுக்குப் பூச போட்டுகினியா?" என்று சிரித்தான். நான் அழ ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பொறி கிளம்பும் கம்பியைச் சுற்றியிருந்த வெள்ளைப் பீங்கான் நனைந்திருந்தது. ஈரம் பொறியைத் தின்றுவிட்டது. அதைத் துடைத்துக் காய வைத்ததும் நீலப் பொறி தெறித்தது. ஆனால் தீ பிடிக்கவில்லை. கேஸ் வருகிற பித்தளை மூக்கின் ஓட்டையில் நான் வைத்த குங்குமம் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஸ்டவ் பின் இருந்தா குத்திடலாம்."

"குத்தாதே, ஓட்டை பெரிசாயிடும்" என்றேன். ஸ்டவ்வோடு வளர்ந்தவளுக்கு அது தெரியும். பித்தளை மூக்கைத் துணியால் ஒற்றி எடுத்தேன். பத்திரிகைத் தாளை ஒல்லியாகச் சுருட்டி ஓட்டையில் வைத்து மூச்சடக்கி ஊதினேன். மூன்றாவது ஊதலில் சிவப்புத் தூள் பறந்தது.

இப்போது சின்னச் சுடர் பிடித்தது. கையை எடுத்தால் அணைந்தது. மறுபடி பிடித்தது, மறுபடி அணைந்தது. "பக்கத்துல ஒரு செம்புக் கம்பி கீது பாரு, அது சூடாவணும். அதுவரிக்கும் குமிழ அமுக்கிகினே இரு, கைய எடுக்காத" என்றான். விரல் மரத்துப்போகும்வரை அமுக்கிக்கொண்டு முப்பதுவரை எண்ணினேன். சந்தேகத்துக்கு இன்னும் முப்பது. கையை எடுத்தேன். சுடர் நின்றது. அடுப்பு முழுக்கப் பிடித்தபோது மணி இரண்டே முக்கால்.

நர்ஸ் நேரம் தவறாமல் வந்தார். நரைத்த தலை, கனிவான முகம். சுவரில் வெப்பமானியை மாட்டிவிட்டுக் காத்திருந்தார். பாதரசக் கோடு ஏற ஏற என் உயிரும் ஏறியது. போதும் என்பதுபோல் தலையாட்டினார். அப்போதுதான் அடுப்பின் மேல்தகட்டைப் பார்த்தார். ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது 'சிவப்பு' மட்டும்.

"யெஸ், யெஸ். டுடே. ஃபார் பேபி" என்றேன் பெருமையாக.

அவர் நோட்டை மூடிவிட்டார். ஆபத்தான அடுப்பு என்று கேஸ்காரர் சிவப்புக் குறி போட்டிருக்கிறாரா என்பதுதான் கேள்வி என்று பிறகு தாமு சொன்னான். நான் ஆமாம், இன்றுதான், குழந்தைக்காக என்றிருக்கிறேன்!

தாமு பதறிப்போய்க் குறுக்கே வந்தான். "நோ, சிஸ்டர்! பிரேயர்! ஒன்லி பிரேயர்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே காட்டினான். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியும்படி சொன்னார். அதை அழித்துக் காட்டு. அடியில் தகடு விரிசல் இல்லாமல் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை. வைத்த பொட்டைத் தானே அழிப்பது எங்கள் பெண்களுக்கு என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? தாமு முகத்தைத் திருப்பிக்கொண்டான். துணியால் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. வலது உள்ளங்கையாலேயே மூன்றையும் வழித்து எடுத்தேன். தகடு நல்ல சூடு. சுட்டது. விரிசல் எதுவும் இல்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். நாளை பத்து மணிக்கு வரலாம் என்றார். நிமிர்ந்தவர் என் விரலிடுக்கில் சிவப்பைக் கண்டு, காயம்பட்டுவிட்டது என்று நினைத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை அவசரமாக நீட்டினார். பெரியவர்களிடம் இடது கையால் எதையும் வாங்காதே என்று அடித்து வளர்த்த வீட்டுப் பெண் நான். அன்று இடது கையால்தான் வாங்கி, தேங்க்யூ என்றேன். வழித்த குங்குமத்தை மூடியிருந்த வலது கையைத் திறக்கவில்லை.