கீழ் வரிசை வராத சாதகம்

பிரிக்பீல்ட்ஸில் பாலசுந்தரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதுவும் நேரத்துக்கு வராவிட்டால் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குத்தான் தொண்ணூற்றெட்டில் இன்டர்நெட் வந்து சேர்ந்தது. விதி யாரை விட்டது.

கம்ப்யூட்டர் மகள் சிவமலர் வாங்கியது. முப்பது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. போன வருஷம் வந்த நல்ல வரனை, அவன் சாதகத்தில் ஏழில் செவ்வாய் என்று தட்டிவிட்டவர் சாட்சாத் பாலசுந்தரமேதான். இப்போது லண்டனில் ஒருவன். ஈமெயிலிலேயே பழகியவர்கள். அந்தப் பெட்டியின் முன்னால் மகள் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைக் கேட்டபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்காகச் சாதகம் பார்க்காமல் சம்மதம் சொல்லிவிடுவாரா என்ன?

போனில் வாசித்துக் காட்டினால் ஒப்பமாட்டார், கண்ணால் பார்க்க வேண்டும். ஃபேக்ஸில் வந்ததில் ராகு, கேது, குரு எல்லாருமே ஒரே கறுப்பு. தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை. சோதிடர் தம்பு வெள்ளிக்கிழமை காசிக்குப் புறப்படுகிறார். கடைசியில் ஈமெயில் என்று முடிவானது. மாப்பிள்ளையும், மூலையில் இருந்த மஞ்சள் கறைகூடத் தெரியும்படி பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான்.

அங்கே பிடித்தது சனி. மோடம் கீச்சிட்டு முடித்ததும் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். மேல் வரிசைக் கட்டங்கள் தெரியும். "மீன லக்னம், பேஷ்" என்பார் தம்பு. பாதியில் லைன் அறுந்துவிடும். உடனே போன் அடிக்கும். மாப்பிள்ளையின் தாய்.

"சாதகம் வந்திட்டுதோ?"

"வந்துகிட்டுத்தான் இருந்திச்சு. நீங்க கூப்பிட்டதும் போயிடுச்சு."

"அப்ப நான் கொஞ்ச நேரத்தால திரும்ப எடுக்கிறன்."

சொன்ன சொல் தவறாத அம்மாள். மறுபடி படம் பாதி இறங்கியபோது கூப்பிட்டாள். அந்த வாரம் முழுவதும் கூப்பிட்டாள்.

"அப்பா, அந்தக் கால் வெய்ட்டிங்கை கேன்சல் பண்ணுங்க லா. வெளிய இருந்து போன் வந்தாலே லைன் கட் ஆகுது" என்றாள் சிவமலர்.

"ஒரு டிரெயின் பிளாட்பாரத்தில நிக்கிறப்போ இன்னொண்ணு சிக்னல்ல காத்திருக்கணும். அதான் சிஸ்டம். சிஸ்டத்தில கை வைக்காதே."

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி வாய்ப்பு. தம்பு பிரம்பு நாற்காலியில் வாய் திறந்து தூங்கிவிட்டார். சிவமலர் சமையலறையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கிக்கொண்டிருந்த படம் அன்று சறுக்கவே இல்லை. நடுவைத் தாண்டியது. கீழ் வரிசை எட்டிப் பார்த்தது. பாலசுந்தரம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசி மூலைக் கட்டம், ஏழாம் இடம். ஓர் எழுத்தின் தலை தெரிந்தது. பாதி எழுத்து இறங்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்.

சமையலறையில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக யாரை வாய்க்கு வந்தபடி திட்டினாரோ அந்த அம்மாளையே இப்போது மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். கூப்பிடு தாயே, ஒரே ஒரு தடவை கூப்பிடு. போன் அடிக்கவில்லை. வேண்டாதபோதெல்லாம் வந்தவள் வேண்டும்போது வரவில்லை. படம் மட்டும் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பாலசுந்தரம் கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து, அந்தக் கீச்சொலிக்குள் "ஹலோ" என்றார். லைன் அறுந்தது. கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டார்.

தம்பு விழித்துக்கொண்டார். "முடிஞ்சுதா?"

"லைன் போயிடுச்சு. மேல் பாதியை வச்சு எழுதுங்க, பொருத்தம்னு."

"கீழ் வரிசை?"

"அது வராதது லைனோட குற்றம். மாப்பிள்ளையோட குற்றம் இல்ல."

காப்பித் தட்டோடு சிவமலர் வாசலில் நின்றாள். ரிசீவர் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"போன் அடிச்ச மாதிரியே கேக்கலையே. யாருப்பா?"

"ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு அதை மெதுவாக வைத்தார் பாலசுந்தரம்.