பக்ஹார்ன் மேட்டின் தலைக்கணக்கு

ஆர்விட் சால்மெலா பொய் சொல்லத் தெரியாதவன் என்று எங்கள் ஊரில் பெயர். அவன் பொய் சொல்லவில்லைதான்; எழுதினான். அதுவும் ஒரே ஓர் எண். பூஜ்யம்.

மாவட்டச் சாலைத் துறையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன் அவன். மிச்சிகனின் இந்த வடகோடியில், நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை ஆள் உயரத்துக்குப் பனி குவியும் எங்களுக்கு, அந்த லாரி வராத நாளில் வாசல் இருந்தும் பயனில்லை. போன செப்டம்பரில் துறைக்குச் சிக்கன யோசனை வந்தது. ஆள் குடியிருக்காத சாலைகளைக் கோடைச் சாலை என்று அறிவித்துவிட்டால் குளிர்காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். எந்தச் சாலையில் எத்தனை வீடு என்று எண்ணித் தரும் வேலை ஓட்டுநர்களிடம் வந்தது. எண்ணும் முறையும் தாளிலேயே அச்சாகி வந்தது: சாலையோரத் தபால் பெட்டிகளை எண்ணவும்.

ஓட்டுநர்களுக்குத் தபால் பெட்டிகள் அத்துபடி. லாரியின் பக்கவாட்டுத் தகடு இடித்துவிடாமல் ஒவ்வொரு பெட்டியாக விலகி விலகிப் போகிற பிழைப்பு அவர்களுடையது. ஆனால் பக்ஹார்ன் மேட்டுச் சாலையில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. தபால்காரர் மேடு ஏற மாட்டார். அதனால் மேலே பதினாறு பேர் குடியிருக்கும் ஏழு டிரெய்லர் வீடுகளின் பெட்டிகளும் கீழே நெடுஞ்சாலையில், ஒரே மரச்சட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. ஏழும் நெடுஞ்சாலைக் கணக்கில் சேர்ந்தன. மேட்டுக்குப் பூஜ்யம். ஏரிக்கரையில் ஜூலையில் மட்டும் வந்து போகும் மூன்று மாளிகைகளுக்கு மூன்று பித்தளைப் பெட்டிகள் இருந்தன. அந்தச் சாலைக்கு மூன்று.

மேலே ஆள் இருப்பது ஆர்விட்டுக்குத் தெரியாதா? அதற்கு முந்திய குளிர்காலத்தில் லாரி பழுதாகி அங்கே மாட்டிக்கொண்டபோது, லோர்னா டிரெவாரோவின் வீட்டில்தான் அரைநாள் உட்கார்ந்திருந்தான். மேற்பார்வையாளரிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தான்.

"மேல ஆளுங்க இருக்காங்களே?"

"தாள்ல என்ன கேட்டிருக்கு? ஆளா, பெட்டியா?"

"பெட்டி."

"அப்புறம் என்ன? பெட்டிய எண்ணு."

இரண்டு ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது அலுவலகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்விட் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அக்டோபரில் பக்ஹார்ன் மேடு கோடைச் சாலை ஆனது.

பனி எல்லார் மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. அதை அகற்றுவதில்தான் ஆள் பார்க்கிறார்கள். பதினாறு மனிதர்களை இல்லாமல் ஆக்கக் கொடுங்கோலன் ஒருவன் தேவைப்படவில்லை. ஓர் அச்சுத் தாளும், வேலை போய்விடுமோ என்று பயந்த ஒரு நல்லவனும் போதுமாக இருந்தார்கள்.

நவம்பர் முதல் வாரத்தில் லோர்னா ஆர்விட்டின் கொட்டகைக்கு வந்தாள். முப்பது வயதான ஒரு டீசல் டிரக்கை எங்கிருந்தோ வாங்கியிருந்தாள். அதன் முதுகில் இரும்புக் கடையில் கிடைத்த பனி தள்ளும் எட்டடி அகலத் தகடு கிடந்தது. ஓய்வு நாள்களில் ஊரார் வண்டிகளுக்குத் தகடு மாட்டிக் கொடுப்பவன் ஆர்விட். அவனை விட்டால் அவளுக்கு வேறு ஆளில்லை.

அவள் கணவன் வெண்டலுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நாற்பது மைல் தாண்டி டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் மூச்சு வாங்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பெரிய பனி வரும் என்று வானிலைச் செய்தி சொன்னது. அன்று செவ்வாய்.

ஆர்விட் டிரக்கை ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்து, அதன் அடிச்சட்டமான சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான். இடப்பக்கம் டங்கென்று கேட்டது. வலப்பக்கம், தகடு தொங்க வேண்டிய அதே இடத்தில், பொத்தென்று கேட்டது. துருச் செதில் முகத்தில் கொட்டியது. அந்தத் துருவுக்குக் காரணம் சாலையில் போடும் உப்பு. இருபத்தாறு வருடமாக அதைத் தூவியவர்களில் அவனும் ஒருவன்.

"இந்தப் பக்கம் சேசிஸ் பிஸ்கட் மாதிரி இருக்கு, லோர்னா."

"காபியில தோய்க்கலாமா?"

"சிரிக்காத. தகடு மட்டுமே நானூறு கிலோ. இதுல மாட்டினா முதல் புயல்லயே முன்பக்கம் பிச்சுக்கிட்டு விழும்."

"அப்ப வேற வழி சொல்லு. புது டிரக் வாங்குன்னு மட்டும் சொல்லிடாத, வாய்லயே போடுவேன்."

வழி இருந்தது, வேலைதான் அதிகம். கெட்ட இரும்பை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரும்பு தொடங்கும் இடம் வரை பின்னுக்கு நீளும் கனமான பட்டைகளை இருபக்கமும் வைத்து, துளையிட்டு, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல்தான் தகட்டின் தாங்கி. முன் ஸ்பிரிங்குகளுக்குக் கூடுதல் பட்டை. தகடு முகப்பு விளக்கை மறைக்கும் என்பதால் உயரத்தில் வேறு இரண்டு விளக்கு. முன்பாரத்துக்கு ஈடாகப் பின்சக்கரத்துக்கும் பின்னால் மணல் மூட்டைகள். துறையில் விடுப்புச் சொல்லிவிட்டு மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் செய்தான். புதனன்று வெண்டலை டயாலிசிஸுக்குக் கொண்டுபோன நேரம் போக, லோர்னா கூடவே நின்று துளையிட்டாள், பிடித்தாள், தூக்கினாள்.

வியாழக்கிழமை மதியம் இருவரும் டிரக்குக்கு அடியில் எதிரெதிரே படுத்திருந்தார்கள். அவள் நட்டைப் பிடிக்க, அவன் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாரோ ஒரு புண்ணியவான் உக்காந்து எழுதியிருக்கான் பாரு, மேல ஆளே இல்லைன்னு," என்றாள் லோர்னா. "கண்ணு தெரியாதவனா இருப்பான் போல."

"கண்ணு தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

"வெளயாடாத."

அவள் கையிலிருந்த ஸ்பேனர் அசையாமல் நின்றது.

"எங்க மேஜையில உக்காந்து ரெண்டு பேஸ்டி தின்னியே, ஆர்விட். கறியும் கிழங்கும் வச்சு நான் சுட்டது. மூணாவத காகிதத்துல சுத்தி எடுத்துக்கிட்டு வேற போன. ஆளில்லாத வீட்ல உனக்கு யாரு சுட்டுக் குடுத்தா? மானா?"

"பெட்டியத்தான் எண்ணச் சொன்னாங்க. ரெண்டு பேர வேலைய விட்டு எடுக்கப் போறதா பேச்சு. நான் வாயத் தொறக்கல."

"ரெண்டு பேர எடுப்பாங்கன்னு பயந்து பதினாறு பேர எடுத்துட்ட."

தலைக்கு மேலே டிரக்கிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு விழுந்து அவன் காதோரம் வழிந்தது. துடைக்கவில்லை.

"நட்டப் பிடிச்சிருக்கேன். முறுக்கு," என்றாள்.

"லோர்னா..."

"முறுக்குன்னேன். உன்னத் திட்ட எனக்கு ஏப்ரல் வரைக்கும் நேரம் இருக்கு. வெள்ளிக்கிழமை வெண்டலுக்கு ரோடு வேணும்."

அன்று மாலையே தகடு மாட்டிய டிரக் கொட்டகையை விட்டு வெளியேறியது. மறுநாள் பனி கொட்டியது. லோர்னா தானே தள்ளிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, வெண்டலை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பட்டைகள் தாங்கின.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை துறை வாரியக் கூட்டத்தில் ஆர்விட் எழுந்து நின்றான். பக்ஹார்ன் மேட்டில் ஏழு வீடு, பதினாறு பேர் என்றும், தெரிந்தே பூஜ்யம் எழுதினேன் என்றும் சொன்னான். தலைவர் மிகவும் கனிவாகப் பேசினார்.

"நீ விதிப்படிதானப்பா செஞ்ச? உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"விதி தப்பு. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது என் தப்பு."

"சரி சரி. அடுத்த செப்டம்பர்ல மறுபடி எண்ணுவோமில்ல, அப்பப் பாத்துக்கலாம்."

ஒருவர் அவன் தோளைத் தட்டினார். தண்டனை இல்லை, கண்டிப்பு இல்லை. அதுதான் அவனை அரித்தது. மேட்டு மக்களுக்குச் செய்த தீங்கை, நெடுஞ்சாலையோரம் வீடு கட்டிக்கொண்டவர்கள் மன்னித்து அனுப்பினார்கள். மன்னிக்க இவர்கள் யார்?

அதைவிட மோசமானது அதன் பிறகு வந்தது. நெடுஞ்சாலையில் பனி தள்ளிக்கொண்டு போகும்போது லாரியின் தகடு ஒதுக்கும் பனியெல்லாம் வலப்பக்கம் கரையாகக் குவியும். பக்ஹார்ன் மேட்டுச் சாலையின் முனையையும் அது அடைக்கும். இடுப்பளவுச் சுவர், ஒரு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். முன்பெல்லாம் மேட்டுக்கு லாரியைத் திருப்பும்போது அது தானாகவே போய்விடும். இப்போது திருப்பக் கூடாது. பழைய டிரக்குக்குத் தகடு மாட்டிக் கொடுத்த அதே கை, அந்த டிரக்கின் எதிரே ஒவ்வொரு நாளும் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது.

முதல் முறை, சுவரை இடிக்க லோர்னா நாலு தடவை மோதியதைக் கண்ணாடியில் பார்த்தான். ஒவ்வொரு மோதலிலும் வலப்பக்கச் சேசிஸ் அவன் நினைவுக்கு வந்தது. மறுநாளிலிருந்து முனையில் லாரியை நிறுத்தி, பின்னால் எடுத்து, சுவரைத் தள்ளிவிட்டே போனான். ஒன்பது நிமிடம் ஆகும். லாரியில் இருக்கும் கருவி அந்த ஒன்பது நிமிடத்தை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். ஓட்டுநர் அன்றைய தாளில் காரணம் எழுத வேண்டும். அவன் எழுதினான்: "பக்ஹார்ன் மேட்டு முனை அடைபட்டது. மேலே ஏழு வீடு, பதினாறு பேர்."

மேற்பார்வையாளர் ஒரு வாரம் பொறுத்தார்.

"தினமும் இதையே எழுதணுமா, ஆர்விட்?"

"தினமும் இருக்காங்களே."

இதனால் அவன் குற்றம் கரைந்துவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. சட்டப்படி இன்றைக்கும் மேட்டில் ஆள் இல்லை. அவன் போட்ட எண்தான் செல்லும்.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை காலை, முனையில் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து லோர்னாவின் டிரக் இறங்கி வந்து நின்றது. பக்கத்தில் வெண்டல் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"வலப்பக்கம் கடகடங்குது."

ஆர்விட் ஸ்பேனரோடு இறங்கி, பனியிலேயே மல்லாந்து படுத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். இரண்டு தளர்ந்திருந்தன. எழுந்து வந்தபோது அவள் கை ஸ்டீயரிங்கில் இருந்தது, முகம் சாலையைப் பார்த்தபடி.

"உங்க ஆபீஸக் கூட்டுறாளே டெல்ஃபின், அவ எங்க மேட்டுலதான் இருக்கா. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீ பதினாறுன்னு எழுதுறதா சொன்னா."

"ஆமா."

"பதினேழு. போன வாரம் அவ அக்கா வந்துட்டா, இங்கயேதான் இருக்கப் போறா. ஒழுங்கா எண்ணு."

கண்ணாடி ஏறியது. டிரக் நெடுஞ்சாலையில் திரும்பி நகரத்துப் பக்கம் போனது. ஆர்விட் லாரியில் ஏறி, விறைத்த விரல்களைக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, அன்றைய தாளை எடுத்தான்.