பதினோரு நிமிடம்

"ஏழு, ஒரு கோடு, எட்டுன்னா என்னம்மா அர்த்தம்?" என்று தொலைபேசியில் நாத்தனாரைக் குடைந்துகொண்டிருக்கிறார் தேதி மேடம். வீடு மாறும் நாளை 7/8 என்று அனுப்பியதுதான் நாத்தனார் செய்த குற்றம்.

"ஆகஸ்ட் ஏழு, அண்ணி. இன்னைக்கே ஜூலை இருபதாச்சே!"

"அடுத்த வருஷ ஜூலை எட்டாவும் இருக்கலாமில்ல? வருஷத்தையும் போடும்மா."

மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர் தேதி மேடம். அங்கே யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் நினைவில்லை. நோயாளி வந்த நேரத்தை வரவேற்பில் ஒருவர் '11.50' என்று தட்டுவார். இன்னொருவர் '1-10' என்பார். மூன்றாமவர் 'டீக்கு அப்புறம்' என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இந்தக் கதம்பத்தை மென்பொருளுக்குப் புரியும் நேரமாக மாற்றுவதுதான் அவர் பிழைப்பு.

"கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் வெறும் எழுத்துங்க. பூனைன்னு அடிச்சாலும் ஒண்ணுதான், ஒண்ணு பத்துன்னு அடிச்சாலும் ஒண்ணுதான். இது மணி, இது நிமிஷம், இது மத்தியானம்னு நாமதான் சொல்லணும். சொல்லலேன்னா அதுவா எதையாவது நினைச்சுக்கும்" என்பார்.

மகளின் பிரசவத்துக்காக அவர் ஒரு மாதம் விடுப்பில் போனபோது அது நினைத்துக்கொண்டது. பொத்தானை அமுக்கியவர் இயக்குநரே. சராசரிக் காத்திருப்பு பதினோரு நிமிடம் என்று வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பெரிய பலகையில் எழுதிக் கூடத்தில் மாட்டினார். இவ்வளவு வேகத்துக்கு மூன்று மருத்துவர்கள் எதற்கு, ஒருவரை நிர்வாகத்துக்கு மாற்றிவிடலாம் என்று கடிதமும் தயாரானது.

திரும்பி வந்த தேதி மேடம், கணக்கை ஒருமுறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், பதினொண்ணு அம்பதுக்கு வந்த ஒருத்தரை ஒண்ணு பத்துக்கு டாக்டர் பார்த்திருக்கார். மத்தியானம்னு நீங்க சொல்லலை. அது விடியக்காலம்னு எடுத்துக்கிச்சு. அவர் வர்றதுக்குப் பத்து மணி நேரம் நாப்பது நிமிஷம் முன்னாடியே வைத்தியம் முடிஞ்சு போச்சாம்."

"அவ்வளவு சீக்கிரம் பார்த்தது நல்லதுதானே?" என்றார் இயக்குநர்.

"ஆறு பேர்ல ஒருத்தருக்கு இப்படி மைனஸ்ல வந்திருக்கு, சார்."

"சரி பண்ணினா?"

"ரெண்டு மணி நேரம் எட்டு நிமிஷம்."

இயக்குநர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மணியை விட்டுட்டு நிமிஷத்தை மட்டும் சொன்னா எட்டுதான் வருது, இல்லையா?"

தேதி மேடம் ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. இருந்தும் கையிலிருந்த பட்டியலை மேசைமேல் வைத்தார்.

"டாக்டரை மாத்துற கடிதம் போனா, கூடவே என் லிஸ்டும் போகும் சார். வர்றதுக்கு முன்னாடியே வைத்தியம் பார்த்துக்கிட்டவங்க அத்தனை பேரும் அதுல இருக்காங்க."

இயக்குநர் பட்டியலைப் புரட்டிவிட்டுக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "ஆனா போர்டு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து வர்றாங்க."

கூடத்தில் எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தது. பலகைக்குக் கீழே ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பம்மா வந்தே?"

"ஒம்பதரைக்குங்க."

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. தேதி மேடம் தன் அறைக்குப் போனார். தன்னுடைய சுழல் நாற்காலியைக் கடகடவென்று கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி தள்ளிக்கொண்டு வந்து, அவளுக்குப் பின்னால் நிறுத்தினார்.