அதிமதுரத்தை விட்ட குரல்

என் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். என் தையல் கடை நிலையத்துக்கு நேர் எதிரே. பகல் முழுக்க அவள் குரல் என் தலைக்கு மேலேதான். "உங்க வீட்டம்மா சொன்னா ரயிலே கேக்குது, நீங்க கேக்கறீங்களா?" என்று சட்டை தைக்க வருகிறவர்கள் சீண்டுவார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்தக் குரலை அவள் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். ஐஸ் தொடமாட்டாள். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கமாட்டாள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள், அது அதைவிடக் கொடுமை. வாயோரத்தில் எப்போதும் அதிமதுரத் துண்டு ஒன்று அடங்கியிருக்கும்.

ஐம்பதைத் தாண்டியதும் இரத்த அழுத்தம் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. இன்னொன்று சேர்த்தார்கள், பிறகு நீர் பிரியும் மாத்திரையும் வந்தது. தவறாமல் விழுங்கினாள். சாப்பாட்டில் உப்பைப் பாதியாக்கினாள். நானும் சேர்ந்து சப்பென்று சாப்பிட்டேன். அழுத்தம் அசைந்து கொடுக்கவில்லை. போதாக்குறைக்குக் கால் தசை பிடித்து இழுக்க ஆரம்பித்தது. நிலையத்து மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாயிற்று. சத்துக் குறைவாக இருக்கும் என்று அவளாகவே விட்டமின் மாத்திரைகளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பலனில்லை.

புதிதாக வந்த டாக்டரம்மா, வாயில் போடுவது அத்தனையையும் பையில் கொண்டுவரச் சொன்னார். மேஜைமேல் கொட்டினோம். ஒவ்வொன்றாகப் பார்த்து, விட்டமின் மேல் குற்றமில்லை என்றார். அதற்குள் இவளுக்குத் தொண்டை கரகரக்க, கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"அது என்னம்மா?"

"அதிமதுரம் டாக்டர். தொண்டைக்கு. மருந்துல சேத்தியில்ல."

"தினமுமா?"

"வேலைக்குச் சேந்ததிலேருந்து. இப்ப கொஞ்சம் ஜாஸ்தி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த வேர் மிஞ்சினால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும் என்றார். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதால்தான் கால் தொய்ந்துபோகிறதாம். அழுத்தத்தை மாத்திரை கீழே இழுக்க, வேர் மேலே இழுத்திருக்கிறது. அங்கேயே எடுத்த இரத்தப் பரிசோதனையிலும் பொட்டாசியம் குறைவாகத்தான் இருந்தது.

இவள் மசியவில்லை. "இத விட்டா என் குரல் போயிடும். அது போனா நான் யாரு டாக்டர்?"

"குரலுக்கு வேற வழி பாக்கலாம். இதுக்கு மேல மாத்திரையக் கூட்ட எனக்கே பயமா இருக்கும்மா."

வழியெல்லாம் பேசாமல் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கவிழ்த்து, இருந்த துண்டுகளை எல்லாம் குப்பைத்தொட்டியில் போட்டாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவள் பயந்தபடியே குரல் கம்மிப்போனது. வெந்நீரும் ஆவியும்தான் துணை. நிலைய அதிகாரி நல்ல மனிதர். தேறும்வரை, அவள் குரலில் முன்பே பதிவு செய்து வைத்திருந்த அறிவிப்புகளை ஓடவிடச் சொன்னார். அரை மனதாக ஒத்துக்கொண்டாள்.

ஒரு மழைநாளில் சிக்னல் பழுதானது. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறியது. பதிவில் அதெல்லாம் ஏது? திடீரென்று ஒலிபெருக்கியில் ஒரு கரகரத்த குரல். ஒரு கணம் எனக்கே யாரென்று தெரியவில்லை. பிறகுதான் அந்தப் பாங்கு பிடிபட்டது: நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நடைமேடை எண்ணை இரண்டு முறை சொல்வது. அவளேதான்.

அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடினேன். நடைமேடை கொள்ளாத கூட்டம். யாரும் முண்டியடிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு இடம் மாறினார்கள். பக்கத்தில் நின்றவர், "தொண்டை கட்டியிருந்தும் எவ்வளவு தெளிவாச் சொல்றாங்க பாருங்க" என்றார். "என் சம்சாரம்" என்றேன். கேட்காத இன்னொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

சில வாரங்களில் காலில் தெம்பு வந்தது, அழுத்தம் இறங்கியது. டாக்டரம்மாவே ஒரு மாத்திரையை நிறுத்தினார். குரலும் தேறியது, அடியில் மட்டும் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. பதிவுகளைப் புதுப்பிக்க வந்தவர்கள், கருவியில் போட்டு மெருகேற்றிவிடலாம் என்றார்களாம். "வேணாங்க. நான் இப்ப இப்படித்தான் பேசறேன். இதையே போடுங்க" என்றாளாம்.

இப்போது நிலையத்தில் அதுதான் ஒலிக்கிறது. மிதிப்பதை நிறுத்தி, அறிவிப்பு முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் அடுத்த தையல் போடுகிறேன்.