செம்பும் அலுமினியமும் சேர்ந்த இடம்

எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் அடிக்கடி கரண்ட் போகும். முத்தையாபுரத்தில் கடல்காற்று எல்லார் வீட்டுக்கும்தான் அடித்தது. எங்கள் வீட்டின் மேல் மட்டும் அதற்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வேன். கம்பத்திலிருந்து வரும் அலுமினிய ஒயரையும் வீட்டுக்குள் போகும் செம்பு ஒயரையும் வாசலுக்கு மேலே ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார் அப்பா. உப்புக்காற்று பட்டு அங்கே வெள்ளைப் பொடி கட்டும். பிறகு விளக்கு மினுக்கும், ஃபேன் நின்றுவிடும்.

அப்பா ஒயர்மேன். ஆனால் அப்போது எங்களோடு இல்லை. அம்மாவோடு பேச்சு முறிந்து, மாப்பிள்ளையூரணியில் அத்தை வீட்டில் இருந்தார். அம்மா மீன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நான் ஒருத்திதான். ஃபேன் சத்தமும் இல்லாத நாட்களில் அழுகையே வந்துவிடும்.

கரண்ட் போனால் அம்மா போனை என் கையில் கொடுத்து அப்பாவிடம் சொல்லச் சொல்வாள். அன்றைக்கே பைக்கில் வந்துவிடுவார். ஏணியில் நின்று பொடியைச் சுரண்டியபடியே பாடமும் நடத்துவார். ஒரே தடிமனில் செம்புதான் கூடுதல் மின்சாரம் கடத்துமாம். அலுமினியம் எடை குறைவு, அதனால் கம்பத்துக்குக் கம்பம் இழுக்கத் தோது. இரண்டையும் நேராக முறுக்கினால் உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துப்போகும். தெரிந்தும் ஏன் அப்படியே முறுக்குகிறார் என்று கேட்டால் சிரிப்பார். அப்பாவுக்குத் தொழில் அரைகுறை என்று முடிவுகட்டினேன்.

எதிர்வீட்டு அண்ணாச்சி ஒருமுறை, ஆள் வைத்துச் சரியாக மாற்றித் தருவதாகச் சொன்னார். அம்மா, "வேண்டாம் அண்ணாச்சி, அவுகளே வந்து பாப்பாக" என்று உள்ளே போய்விட்டாள். அப்பா வரும் நாளில் மட்டும் எங்கள் வீட்டு டீயில் ஏலக்காய் இருக்கும்.

முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள், நாங்கள் கூப்பிடாமலே வந்தார். ஒரு முனை அலுமினியமும் மறு முனை செம்புமாக ஒரு கனெக்டர் கொண்டுவந்து, முறுக்கைப் பிரித்துப் பொருத்தினார். அம்மா டீயோடு வாசலில் நின்றாள்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள். அவள் அவரிடம் நேராகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"இனி எவ்வளவு காத்து அடிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் அப்பா, ஏணியை மடக்கிக்கொண்டே. டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். இனி நம் வீட்டில் கரண்டே போகாது என்று கத்திக்கொண்டு, பட்டப்பகலில் எல்லா சுவிட்சையும் போட்டேன். அத்தனை விளக்கும் துளி மினுக்காமல் எரிந்தன. பார்க்க வரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நல்ல வேலைக்கு அவள் ஏன் அடுக்களையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.