ஏழாம் நம்பர் மலையின் குளவிக் கூடு

போன வாரம் இலங்கையில், பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், நான் படித்த பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினர் — அடியேன்தான். ஓநாய் ஆராய்ச்சிக்காக முப்பது வருஷம் இந்தியாவில் அலைந்தவள் என்று அறிமுகம் செய்தார்கள். முன்வரிசையில் அம்மா, புதுச் சேலையில்.

ஒரு மாணவி எழுந்து, எனக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. பதுளை லைப்ரரியில் பார்த்த, படம் போட்ட ஓநாய்ப் புத்தகம்... எத்தனை பேட்டிகளில் சொல்லியிருப்பேன்! இந்தப் பத்திரிகைப் பத்தியிலும் ஒரு தடவை எழுதினேன். மன்னித்துவிடுங்கள். அப்படி ஒரு புத்தகமே கிடையாது.

அன்றைக்கு என்னவோ, அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில், அம்மா கொழுந்து பறிக்கும் நிரைக்குப் பக்கத்தில், மழைத்தண்ணீர் ஓடும் கானோரப் பொந்தில் ஒரு நரி குட்டி போட்டிருந்தது. நரி, ஓநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. நாங்கள் குடியிருந்த லயத்தில் கோழிகள் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம் அது. விஷயம் தெரிந்தால் அன்றைக்கே மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? நேரே கங்காணியிடம் போய், அங்கே குளவிக் கூடு இருக்கிறது என்றார். குளவி என்றால் கொழுந்து பறிப்பவர்களுக்குக் குலை நடுங்கும். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கொழுந்து முற்றிக் கிடந்தது. ஸ்கூல் விட்டதும் நான் மட்டும் தூரத்துப் பாறையில் படுத்து, குட்டிகள் விளையாடுவதைப் பார்ப்பேன். மூன்று குட்டிகள். அந்த ஒரு மாதத்தின் சந்தோஷத்தை, பிறகு எந்த ஓநாயும் எனக்குத் தரவில்லை.

"வெளிய சொன்னீன்னா என் பேரு போயிரும்" என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். கங்காணியிடமே பொய் சொன்னவளைக் காலையில் பேர் வாசித்து வேலை பிரிக்கும் பெரட்டில் கூப்பிடுவார்களா? அதனால்தான் அந்த லைப்ரரிக் கதை.

மேடையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரே கைதட்டல். அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன் — அடுத்த நாற்காலியில் ஆறுமுகம் அண்ணன். அந்தக் கங்காணியின் மகன்.

பதறி இறங்கி வந்தேன். எண்பது வயதில் அம்மாவுக்கு இனி என்ன வேலை போகப்போகிறது? ஆனாலும் அவர் ஆறுமுகம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஒங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன் தம்பி" என்றார் அம்மா.

ஆறுமுகம் அண்ணன் சிரித்தார். "அப்பா மறுநாளே போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு அக்கா. நாலு குட்டி இருக்கு, யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வீட்டுல சொன்னாரு."

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கோ...

நாலா?

ஓநாய்களை எண்ணியே பட்டம் வாங்கியவள், முதல் கணக்கெடுப்பிலேயே ஒன்றைக் கோட்டைவிட்டிருக்கிறேன். கங்காணியையும் சேர்த்தால், இரண்டு.