இணைச்சீருக்குப் போன கார்

டிக்கியில் லட்டுக் கூடை, மடியில் பட்டுப்புடவைப் பை, எல்லாவற்றுக்கும் மேலே பெட்ரோல் வாசம்... தொண்ணூறுகளில் எங்கள் கார் பயணம் என்றால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும்.

யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற பழைய கார்புரேட்டர் கார் அது. டேங்க் நிறைந்திருந்தால் குலுங்குகிறபோதெல்லாம் மூடி வழியாகக் கசியும். முந்தின பயணத்தில் அந்த வாசத்தில் என் மாமியாருக்குப் பழனி போய்ச் சேரும்வரை வாந்தி. அதனால் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முன் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பால் கவர் ஒன்றைக் கழுவித் துடைத்து, டேங்க் வாய்மேல் விரித்து, அதற்குமேல் மூடியை இறுக்கித் திருகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது பெரிய காரியமா என்ன...

கல்யாணம் கோபியில். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு இணைச்சீர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் உட்கார வேண்டிய சடங்கு. அவனுக்கு ஒரே அக்கா நான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். நேரம் தப்பினால் சித்தி மகளை உட்காரவைத்துவிடுவார்கள். நான் டீச்சராக இருந்த ஸ்கூலில் அன்று காலையும் பரீட்சை. மத்தியானம்தான் கோயமுத்தூரை விட்டுக் கிளம்ப முடிந்தது.

நீலாம்பூர் தாண்டியதும் கார் திணறித் திணறி நின்றது.

வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து ஃபில்டரைக் கழற்றி ஊதினார். பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. ஆறேழு கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. கார்புரேட்டரில்தான் குப்பை என்று, அதிலிருக்கும் ஜெட் என்கிற சின்னத் துளைக்குழாயைக் கழற்றி ஊதினார். ஓடியது... நின்றது.

"பம்பு போயிருச்சாட்டருக்குது" என்றார், வாயெல்லாம் கரியோடு.

"எலுமிச்சம்பழம் வெச்சு எடுங்கன்னு சொன்னேன். யாரு கேட்டீங்க?" என்றார் மாமியார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி நின்று நின்று குன்னத்தூர் சேரும்போது மணி ஐந்தாகப் போகிறது. ரோட்டோரம் காதர் பாயின் ஒர்க்‌ஷாப்.

பாய் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. முதலில் கேள்விதான்.

"டக்குனு நிக்குதுங்களா, இழுத்து இழுத்து நிக்குதுங்களா?"

"இழுத்துத்தானுங்க பாய்."

"செத்த நேரம் உட்டாத் தானாக் கெளம்புதுங்களா?"

"ஆமாங்க."

கார்புரேட்டருக்கு வரும் பைப்பைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் விட்டு, வீட்டுக்காரரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். பெட்ரோல் முதலில் கொட்டியது. பிறகு நூலாக வந்தது. அப்புறம் சொட்டு.

"பம்பு நல்லாருக்குதுங்க. பின்னால இருந்து வந்தாத்தானே அது தள்ளும்? எண்ணெய் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துங்களா? காத்துப் போக இன்னொரு ஓட்டை வேணுமில்லீங்க. டேங்குக்கும் அப்படித்தான், மூடியில ஓட்டை இருக்குமுங்க."

மாதாமாதம் எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை போடுகிறவள் நான். மெல்லக் காரின் பின்பக்கம் போய் நின்றேன்.

பாய் பின்னால் வந்து மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். பால் கவர் டேங்குக்குள் குழிந்து இறங்கியிருந்தது. அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஸ்டீயரிங் முன்னால், மாமியார் புளியமரத்தடியில். பாய் கவரைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூடியில அடைப்புங்க. எடுத்துப்போட்டேன். தைரியமாப் போங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மண்டபம் போய்ச் சேர்ந்தோம். மணையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், "பெட்ரோல் வாசம் அடிக்குதக்கா" என்று காதில் சொல்லிச் சிரித்தான். நான் அழுதுவிட்டேன். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் சரிதான்.

மறுநாள் திரும்பும்போது பாய்க்கு ஒரு டப்பா லட்டு கொடுத்தேன். "இப்ப நல்லா மூச்சு உடுதுங்களா அம்மணி?" என்று மட்டும் கேட்டார்.

மாமியார் காலமாகிப் பல வருஷம் கழித்துத்தான் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பாய் பையில நம்மூட்டுப் பால் கவர் எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு. தம்பி கலியாணத்துக்குப் போறவகிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

போன வாரம் மகனுடைய கார் வழியில் நின்றது. சர்வீஸில் ஒரு வயரைச் செருகினார்கள். என்ன கோளாறு, எப்போது ஆரம்பித்தது என்று அத்தனையும் ஸ்கிரீனில் வந்தது. அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு அப்படி ஒரு ஸ்கிரீன் இருந்திருந்தால் மாமியாரும் படித்திருப்பார். எனக்குக் கிடைத்ததோ, தெரிந்தும் வாயைத் திறக்காத இரண்டு மனுஷர்கள்.